பிரேம் விடுபடுதா? லேப்டாப்பை மாத்தறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மஞ்சள் வேகவைச்சுக் காயப்போட்டாச்சு. வாய்க்கால்ல தண்ணி நிறுத்தியாச்சு. கிணத்துத் தண்ணியில தென்னைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் மட்டும் பாய்ச்சிக்கிட்டு இருக்கேன். ராத்திரி கொஞ்சம் நேரம் கிடைக்குது. அந்த நேரத்துல ஒன்றரை மாசமா நான் பார்த்த வேலை விவசாயம் இல்லை. பீரோவுல 28 வருசமா கிடந்த என் கல்யாணக் கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தற வேலை. "இதெல்லாம் எதுக்கு இங்க எழுதறீங்க"ன்னு கேக்காதீங்க. உங்க வீட்டு பீரோவுலயும் ஒண்ணு கிடக்கும்.

முதல்ல கேசட்டை டவுன்ல ஒரு கடையில கொடுத்தேன். 600 ரூபாய் வாங்கிக்கிட்டு ரெண்டு நாள்ல பென்டிரைவ்ல போட்டுக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்து எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். படம் ஓடுது, நிக்குது, தாவுது. பரவாயில்லைன்னு பார்த்துக்கிட்டே இருந்தோம். ஒரு மணி பன்னெண்டு நிமிசத்துல எங்க அய்யன் வந்தார்.

அய்யன் 2003-ல போய்ட்டார். அவர் போட்டோ வீட்டுல நாலஞ்சு இருக்கு. குரல் எங்கேயும் இல்லை. அந்தக் காலத்துல யாருங்க குரலைப் பதிஞ்சு வைச்சோம்? இந்தக் கேசட்ல ஒரே ஒரு இடத்துல பேசறார்னு எனக்கு ஞாபகம். பந்தக்கால் பக்கத்துல நின்னுக்கிட்டு, கேமராவைத் தோள்ல வைச்சிருந்த பையனைப் பார்த்து ஏதோ சொல்லுவார். கடைக்காரர் கொடுத்த படத்துல அய்யன் "ஏந்தம்பி, சோறு உண்..." அப்படீன்னார். முகம் அப்படியே உறைஞ்சு நின்னுது. அடுத்து "போயராது"ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். பந்திக்குத் தாவிடுச்சு.

அக்கா எழுந்து உள்ளே போய்ட்டா. அக்கா பையனுக்கு அப்பிச்சியை ஞாபகமே இல்லை. அவன்தான் கேட்டான், "மாமா, அப்பிச்சி என்னங்க சொன்னாரு?" எனக்கும் தெரியலை.

கடைக்காரரைக் கேட்டேன். "கேசட் பழசுங்க, அப்படித்தான் வரும்." திட்டலாம்னுதான் போனேன். ஆனா அங்க பார்த்ததைச் சொல்றேன். நாலு டெக் ஒரே நேரத்துல ஓடுது, ஒரே கம்ப்யூட்டர். யாரும் உட்கார்ந்து பார்க்கலை. 600 ரூபாய்க்கு மூணு மணி நேரம் ஒரு ஆள் உட்கார்ந்து கண்காணிக்க முடியாது, அதுவும் நியாயம்தான். நம்ம அய்யன் முகத்துக்காக நாமதான் உட்காரணும். அன்னைக்கே முடிவு பண்ணினேன், வீட்டுலயே ஏத்தறதுன்னு.

டெக் ஒண்ணு சித்தப்பா வீட்டுப் பரண்ல இருந்தது. இப்ப புதுசா வாங்கவும் முடியாது. உலகத்துல கடைசியா டெக் செஞ்சுக்கிட்டிருந்த ஜப்பான்காரங்க, ஃபுனாய்ங்கிற கம்பெனி, 2016 ஜூலையோட நிறுத்திட்டாங்க. டெக்குல இருந்து வர்ற படத்தைக் கம்ப்யூட்டர்ல வாங்கற யூஎஸ்பி கருவி 800 ரூபாய். லேப்டாப் வீட்டுல இருந்ததுதான், 2013-ல வாங்கினது. ஏத்தினேன். அதேதான். நிக்குது, தாவுது. இன்னொரு கோளாறும் சேர்ந்துக்கிச்சு. போகப் போகப் படம் முன்னாடி ஓடுது, சத்தம் பின்னாடி வருது. கடைசியில ஆரத்தி எடுக்கறப்ப முகூர்த்த மேளம் கேக்குது.

அக்கா பையன் சொன்னான், "மாமா, லேப்டாப்புக்கு வயசாயிருச்சுங்க. புதுசு வாங்கிருங்க." கம்ப்யூட்டர் தெரிஞ்ச இன்னும் மூணு பேரைக் கேட்டேன். மூணு பேரும் அதையே சொன்னாங்க. ராம் போதாது, பிராசசர் போதாது.

இதுலதான் எனக்குச் சண்டை. நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. ஆனா இவங்க சொன்னது தப்புன்னு இன்னைக்கு உறுதியாச் சொல்லுவேன்.

கம்ப்யூட்டர்ல நாம செய்யற எந்த வேலையும் காத்திருக்கும். ஒரு படத்தை எம்பி4-ஆ மாத்தச் சொன்னா, பழைய மெஷின் பத்து மணி நேரம் எடுத்துக்கும், புதுசு ஒரு மணி நேரத்துல முடிக்கும். முடிவு ஒண்ணுதான். கேசட்டை ஏத்தறது மட்டும் அப்படி இல்லை. அது நம்ம முறைத் தண்ணி மாதிரி. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துல இருக்கறவங்களுக்குத் தெரியும். உங்க முறை ராத்திரி ரெண்டு மணிக்குன்னா, ரெண்டு மணிக்கு மடை திறந்திருக்கணும். கால் மணி அசந்து தூங்கிட்டா அந்தத் தண்ணி அடுத்த காட்டுக்குப் போயிடும். உங்ககிட்ட எத்தனை பெரிய தொட்டி இருந்தாலும் போன தண்ணி திரும்பாது.

டெக் நொடிக்கு 25 பிரேம் தள்ளிக்கிட்டே இருக்கும். நம்ம ஊரு பால் முறைக்கு அதுதான் கணக்கு. ஒரு பிரேமுக்கு 40 மில்லிசெகண்ட். அந்த 40-க்குள்ள வாங்கி, டிஸ்க்குல எழுதி, அடுத்ததுக்குக் கையை நீட்டணும். கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க ஒரு சின்னத் தொட்டி உண்டு. அதுவும் நிரம்பிட்டா அடுத்த பிரேம் போச்சு. அதனால இந்த வேலைக்கு வேகத்தை விட இடையில யாரும் கூப்பிடாம இருக்கறதுதான் முக்கியம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. பால் படம் 720-க்கு 576 புள்ளி. ஒரு புள்ளிக்கு ரெண்டு பைட்டு. நொடிக்கு 25 தடவை. மொத்தம் நொடிக்கு 20 எம்பிக்குக் கொஞ்சம் மேல. பத்து வருசப் பழைய டிஸ்க்குகூட இதை எழுதிடும். அப்புறம் ஏன் விடுது?

கருவியோட வந்த சாஃப்ட்வேர் எதுவும் சொல்லலை. முடிஞ்சதும் பச்சை டிக் போட்டு "வெற்றி"ன்னு காட்டுது. எத்தனை பிரேம் விட்டேன்னு சொல்லாத சாஃப்ட்வேரை நான் நம்ப மாட்டேன். எடை போட்டுட்டுத் தராசைக் காட்டாத வியாபாரி மாதிரி அது. அதைத் தூக்கிட்டு, காசில்லாமக் கிடைக்கிற வர்ச்சுவல்டப்பைப் போட்டேன். ரொம்பப் பழைய சாஃப்ட்வேர், பார்க்க லட்சணமா இருக்காது. ஆனா ஏத்தும்போதே எத்தனை வாங்கினேன், எத்தனை விட்டேன், எத்தனை இட்டு நிரப்பினேன்னு பக்கத்துல காட்டிக்கிட்டே இருக்கும். முதல் தடவை முழுக் கேசட்டும் ஓட்டினப்ப விடுபட்டது 1,412.

மூணு மணி நேரத்துக்கு 2,70,000 பிரேம். அதுல 1,412. அரை சதவீதம்தானேன்னு ஒருத்தர் சொன்னார். 56 நொடிங்க அது. அதுவும் பரவலா விழறதில்லை. இருபது முப்பதுன்னு கொத்தா விழுது. எங்க அய்யன் பேசற இடம் மொத்தமே ஆறேழு நொடிதான்.

இங்க ஒரு புத்தி சொல்லணும். உயிரான கேசட்டை வைச்சுப் பரிசோதனை பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் பழைய கேசட் தேயும். நான் ஒரு தடவையோட அதை எடுத்து வைச்சுட்டு, பரண்ல கிடந்த ஒரு சினிமாக் கேசட்டைப் போட்டு அரை மணி அரை மணியாப் பார்த்தேன். பால் கணக்கு நோட்டுலயே பின்னாடி எழுதி வைச்சேன்.

முதல்ல செட்டிங்குல பால்-ஆ, என்டிஎஸ்சி-ஆன்னு பாருங்க. அது அமெரிக்க முறை, நொடிக்கு 29.97. அதுல வைச்சுட்டு நம்ம கேசட்டை ஓட்டினா நொடிக்கு அஞ்சு காணோம்னு கணக்குக் காட்டும். எனக்கு அது சரியாத்தான் இருந்தது.

அடுத்து டிஸ்க். விண்டோஸ் இருக்கிற டிஸ்க்குலயேதான் நானும் படத்தை எழுதினேன். அது முக்கால்வாசிக்கு மேல நிறைஞ்சிருந்தது. ஒரே டிஸ்க்கு, ஒரே முள். அந்தப் பக்கம் ஆன்டிவைரஸ் துழாவுது. இந்தப் பக்கம் அப்டேட் இறங்குது. நடுவுல படத்தையும் எழுதணும். மூணு இடத்துக்கு ஓடற ஆள் மடையை எப்படிப் பார்ப்பான்? இதுக்கு அக்கா பையன் ஒரு யோசனை சொன்னான். வெளியில மாட்டற ஹார்டுடிஸ்க்குல எழுதலாம்னு. நல்ல யோசனைதான். ஆனா அவன் கருவி, ஹார்டுடிஸ்க் ரெண்டையும் ஒரே யூஎஸ்பி ஹப்புல மாட்டினான். விடுபடறது ரெண்டு மடங்காச்சு.

ஏன்னு யோசிச்சா, யூஎஸ்பி 2-ல பெட்டி மேல என்ன எழுதியிருந்தாலும், நடைமுறையில நொடிக்கு 30, 35 எம்பி போறதே பெருசு. உள்ளே 20 வருது, அதே குழாய் வழியா வெளியே 20 போகணும்னா எப்படிங்க போகும்? கருவியை லேப்டாப்புலயே நேரா மாட்டினோம், ஹார்டுடிஸ்க்கை அந்தப் பக்கம் இருந்த வேகமான யூஎஸ்பி 3 துளையில மாட்டினோம். ஹப்பைத் தூக்கி வீசியாச்சு. அதோட ஹஃப்யூவின்னு ஒரு கோடெக் இருக்கு, படத்துல ஒரு புள்ளிகூடக் கெடாம அளவைப் பாதிக்குப் பக்கமாக் குறைக்கும். பழைய பிராசசருக்கே அது லேசான வேலை. அதைப் போட்டதும் டிஸ்க்குக்குப் பாரம் குறைஞ்சுடுச்சு. வைஃபை நிறுத்தினேன், ஆன்டிவைரஸை அந்த நேரத்துக்கு நிறுத்தினேன். தூங்கப் போற பவர் செட்டிங்கை எல்லாம் மாத்தினேன். சினிமாக் கேசட்ல அரை மணிக்கு ஒண்ணு ரெண்டுக்கு வந்துடுச்சு.

ஒரு விசயம் ஒத்துக்கறேன். நேரா எம்பி4-ஆவே ஏத்தணும்னு நினைச்சா, பழைய பிராசசர் திணறத்தான் செய்யும். அப்ப "கம்ப்யூட்டர் போதாது"ங்கறது சரி. ஆனா ஏன் அப்படி ஏத்தணும்? கெடாத கோடெக்குல முதல்ல வாங்கி வைங்க, அப்புறம் ராத்திரி பூரா ஓடட்டும் எம்பி4-க்கு. அந்த வேலைதான் காத்திருக்குமே. இடம்தான் வேணும். அப்படியே ஏத்தினா மணிக்கு 75 ஜிபி, ஹஃப்யூவியில அதுல பாதிக்குப் பக்கம்.

இப்பக் கல்யாணக் கேசட்டை மறுபடி போட்டேன். 236.

சினிமாக் கேசட்ல வராதது இதுல ஏன் வருது? இங்கதான் நோட்டு உதவுச்சு. விடுபட்ட நேரத்தை எல்லாம் எழுதினேன். இன்னொரு நாள் மறுபடி ஓட்டி அதையும் எழுதினேன். ஒரே இடத்துல விழுந்தா கோளாறு கேசட்ல இருக்கு. வேற வேற இடத்துல விழுந்தா கேசட்டுக்கு வெளியில இருக்கு. இதை யாரும் எனக்குச் சொல்லலை. புதுசு வாங்குன்னு சொன்ன மூணு பேரும் இந்தக் கேள்வியைக் கேக்கலை. எனக்குக் கோபம் அதுலதான். மாட்டுக்கு உடம்பு சரியில்லைன்னா டாக்டர் வந்ததும் "எப்ப இருந்து, எந்த நேரத்துல"ன்னுதானே முதல்ல கேக்கறார்? மாட்டை மாத்துன்னா சொல்றார்?

பார்த்தா, பாதி ஒரே இடம். மீதி வேற வேற இடம். ஆனா அந்த மீதி கேசட்டோட நேரத்துல ஒத்துவரலை, கடிகார நேரத்துல ஒத்து வந்துச்சு! ரெண்டு நாளும் சாயங்காலம் த்ரீ பேஸ் கரண்ட் வந்த பத்து நிமிசத்துக்குள்ள. கரண்ட் வந்ததும் சுத்துப்பட்டுல இருக்கிற அத்தனை பேரும் மோட்டாரைப் போடறோம், நானும்தான். வீட்டு பல்பு ஒரு தடவை மங்கி எழும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, அதுக்குத் தெரியாது. டெக்குக்கு என்ன இருக்கு? மின்சாரம் தாழ்ந்தா அதோட சுழற்சி தடுமாறும், படம் ஒரு ஆட்டம் ஆடும், அந்த இடத்துல கருவி பிரேமைத் தவறவிடும். என் மோட்டாரே என் அய்யனை மறைச்சிருக்கு.

அப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் ஓட்டினேன். 236, 61-ஆச்சு. டவுன்ல இருக்கறவங்களுக்கு இது தெரிய வழியில்லை. தோட்டத்துச் சாலையில இருக்கறவங்க இதைத்தான் முதல்ல பார்க்கணும்.

மிச்ச 61 கேசட்டோடது. நம்ம ஊர் ஈரத்துக்கு டேப் ஓரத்துல வெள்ளையா பூசணம் பூக்கும். அதோட அப்படியே ஓட்டினா டெக்கோட ஹெட்டுல ஒட்டிக்கும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். நான் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, நூல் உதிராத துணியில துடைச்சேன். துணியை அசையாமப் பிடிச்சுக்கிட்டு டிரம்மைக் கையால மெதுவாச் சுத்தணும். மேலயும் கீழயும் தேய்ச்சா ஹெட் உடைஞ்சிடும், காதுக்குச்சிப் பஞ்சும் ஆகாது. கேசட்டை ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட்டித் திரும்பச் சுத்தினேன். வருசக்கணக்கா ஒரே மாதிரி இறுகிக் கிடந்த டேப் கொஞ்சம் இளகும்.

இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. வி.எச்.எஸ். படத்துல ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்னப்பின்னத்தான் வரும். பழைய டிவி அதைப் பொறுத்துக்கும். கம்ப்யூட்டர் கருவி பொறுக்காது, பிரேம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாம விட்டுடும். வரியை எல்லாம் நேராக்கிக் கொடுக்க டைம் பேஸ் கரெக்டர்னு ஒரு மெஷின் உண்டு. தனியா வாங்கினா விலை நமக்குக் கட்டாது. சில பழைய டிவிடி ரெக்கார்டர்ல அந்த வேலை செய்யற பாகம் உள்ளேயே இருக்கு. டெக்குல இருந்து அதுக்குள்ள விட்டு, அதுல இருந்து கருவிக்குக் கொண்டுவந்தா போதும். ரெக்கார்ட் பண்ண வேண்டியதில்லை. எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்யாது. கூட்டாளி ஒருத்தர் வீட்டுல தூசி படிஞ்சு கிடந்தது, எனக்கு வேலை செஞ்சுது. வாங்கிட்டு வர்றப்ப அவர் கேட்டார், "இதை என்ன பண்ணப் போறே, குப்பைக்குப் போடலாம்னு இருந்தேன்." போடாதீங்கன்னேன்.

அன்னைக்கு ராத்திரி ஓட்டினேன். வீட்டுல தூங்கிட்டாங்க. நான் எண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு நாலு. இணைச்சீர்ல அக்கா கூறைச்சேலையோட நிக்கறா, 24 வயசு. அப்புறம் பந்தல். பந்தக்கால். அய்யன் தோள்ல இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டு நேரா கேமராவைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, சோறு உண்டியா? போ, மொதல்ல உண்டுட்டு வா. கண்ணாலம் எங்கயும் ஓடிப் போயராது."

எண் நாலுலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு.

காலையில அக்காவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். மூணு தடவை பார்த்தா. "துண்டை எடுத்து முகத்தைத் தொடைக்கிறது அப்படியே அய்யன்தான்டா"ன்னா. கடைக்காரர் கொடுத்ததுல அந்தத் துண்டே இல்லை. அக்கா பையன் அதை மட்டும் வெட்டி போன்ல வைச்சுக்கிட்டான். அப்புறம் ஒண்ணும் சொல்லலை, ஆனா புது லேப்டாப் பேச்சு நின்னுபோச்சு.

மொத்தம் ஒன்பது பிரேம் விடுபட்டது. எல்லாம் கேமராக்காரப் பையன் நிறுத்தி நிறுத்தி எடுத்த ஒட்டுல. அங்க டேப்லயே தொடர்ச்சி இல்லை, யாராலும் எடுக்க முடியாதுன்னு விட்டுட்டேன். அந்தப் பையன் சாப்பிடத்தான் போயிருப்பான்.

செலவு: கருவி 800, ஆல்கஹாலும் துணியும் ஒரு இருநூறு. ஹார்டுடிஸ்க் அக்கா பையனோடது. விசயம் தெரிஞ்சு பெரியப்பா பையன் ரெண்டு கேசட் கொண்டு வந்து வைச்சிருக்கார். ஒண்ணுல பூசணம் ஜாஸ்தி. அதை அப்படியே டெக்குல போடப் போறதில்லை, வெயில் படாம நல்லாக் காத்தாட ரெண்டு வாரம் வைச்சிருக்கேன். பிரிச்சுத் துடைக்கணும். ஆடியில வாய்க்கால்ல தண்ணி விட்டா எனக்கு ராத்திரி நேரம் கிடைக்காது, அதுக்குள்ள முடிக்கப் பார்க்கறேன்.